பன்னிரண்டு கிரெடிட்

உறை மடங்கித்தான் வந்தது.
மடக்கக் கூடாது என்று மேலே அச்சடித்திருந்தும்
தபால்காரர் எங்கள் பெட்டியின் அகலத்துக்கு
அதைப் பணிய வைத்திருந்தார்.
உள்ளே ஒரே ஒரு தாள்.
பட்டம் அல்ல, சான்றிதழ்.
நான்கு பாடம், பன்னிரண்டு கிரெடிட், பதினெட்டு மாதம்.
நீர்வள மேலாண்மை என்பதற்குக் கீழே
ஆர்டிஸ் கோஸ்கெலா என்று
என் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அக்கா ரௌஹா போனில் கேட்டாள்:
சரி, மீதி எப்போது?

மீதி.
பாதிக் கிணறு தாண்டியவளிடம்
விசாரிப்பது போல.

அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும்.
இருபத்தாறு வயதில் ஒருமுறை தாண்டிப் பார்த்தேன்.
முதுநிலைப் பட்டம், முப்பது கிரெடிட், ஓர் ஆய்வேடு.
இரண்டாம் பருவத்தில் உதவித்தொகை நின்றது.
நான் விழுந்த சத்தம்
ஒன்பது ஆண்டுகள், மாதத் தவணையாக
வங்கியில் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு துலூத்தின் மலைச்சாலைகளில்
பனி தள்ளும் லாரி.
இடக்கையில் ஸ்டியரிங், வலக்கைக்குப் பக்கத்தில் உப்புக் குமிழ்,
பதினோரு குளிர்காலம்.
மைலுக்கு நானூறு பவுண்டு.
யார் போட்ட கணக்கென்று நான் கேட்டதில்லை.
ஏரி பெரிது, எல்லாம் கரைந்துவிடும் என்பார்
மேற்பார்வையாளர் வெர்லின்.
கரைந்தால் காணாமல் போகும்.
எங்கள் கிடங்கில் வேதியியல் அவ்வளவுதான்.

படித்ததும் பெரும்பாலும் லாரியில்தான்.
ஸ்டியரிங்கில் சாய்த்த லேப்டாப்,
கையுறையின் ஒரு விரலை மட்டும் வெட்டிவிட்டுத் தட்டச்சு.
புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே ரொட்டி வாங்க ஓடும்.
நான் ஞாயிறு நள்ளிரவுக் கெடுவுக்கு முன்னால்
கட்டுரையை அனுப்ப ஓடுவேன்.
கூடப் படித்தவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை.
ஃபார்கோவில் குழாய் பதிக்கும் பொறியாளர் ஒருவர்,
தோளில் குழந்தையோடு, மைக்கை அணைத்துவிட்டு,
எப்போதும் ஆடிக்கொண்டே பாடம் கேட்ட ஒருத்தி.
அவள் பெயர் திரையில் பாதிதான் தெரியும்.

மூன்றாம் பாடத்துக்கு
ஏதாவது ஓர் ஓடையை அளந்து வரச் சொன்னார்கள்.
என் தடத்துக்குக் கீழேயே ஒன்று ஓடுகிறது,
ஆயிரம் முறை மேலே கடந்திருக்கிறேன்.
ஜூலை மாதம். கொசு மொய்க்கிறது.
கருவியை நீரில் இறக்கினேன்.
எண் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது.
கருவி பழுதென்று கழுவி மீண்டும் இறக்கினேன்.
ஓடையில் இன்னும் ஜனவரி ஓடிக்கொண்டிருந்தது.
மண்ணுக்குள் தங்கி,
சொட்டுச் சொட்டாய்க் கசிந்து,
நான் தூவியது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அந்த ஓடை
என்னை நினைத்துக்கொண்டிருந்தது.

நான்காம் பாடத்துக்குத் திட்ட அறிக்கை.
மற்றவர்கள் வரைபடம் தந்தார்கள்.
நான் குமிழை இருநூற்றைம்பதுக்குத் திருப்பினேன்,
உப்பை முதலில் நனைத்துக்கொண்டு.
இரண்டு வாரம் வெர்லின் பின்னாலேயே வந்தார்,
இறங்கி இறங்கி
பூட்ஸ் குதிகாலால் சாலையை உரசிப் பார்த்தார்.
மூன்றாம் வாரம் வரவில்லை.
பாராட்டும் இல்லை.
மணிக்கு அறுபத்திரண்டு சென்ட் கூடியது.
மார்ச்சில் அவர் லாரியின் குமிழ்
முந்நூறில் இருந்ததை நான் பார்த்தேன்,
பார்த்ததாகச் சொல்லவில்லை.

தாளின் பின்னால் இன்னொரு கடிதம் ஒட்டியிருந்தது.
இந்தப் பன்னிரண்டையும்
முப்பதில் சேர்த்துக்கொள்ளலாமாம்,
ஆறு ஆண்டுக்குள்.
ரௌஹாவிடம் அதைச் சொல்லவில்லை.
சொன்னால் நாள்காட்டி வாங்கி அனுப்புவாள்.
பனி சுரண்டும் தகட்டோடு
டாஷ்போர்டு அறைக்குள் வைத்திருக்கிறேன்.

இன்றிரவு ஆறு அங்குலம் என்கிறார்கள்.
குமிழ் இருநூற்றைம்பதில்.
இருநூறு போதுமா, தெரியவில்லை.
அதைத் தெரிந்துகொள்ள
எந்தப் பாடத்தில் சேர வேண்டும் என்பதும்.